வாசல் தாண்டாத அரிசி

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் பாட்டி பால் மரம் வெட்டினார். அவர் சொன்ன கதைகளில் பேய் வரும், புலி வரும். ஆனால் குரலைத் தாழ்த்திச் சொன்னது ஒரு வாசலைப் பற்றித்தான். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வெளியே போக ஒரே வாசல். விடியுமுன் பெரட்டு முடிந்து, வாளியும் உளியுமாக நிரைக்குப் புறப்படுகிறவர்களை அங்கே நிறுத்தி மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசி இருந்தாலும் விடமாட்டார்கள்.

"அரிசி எங்க காசுல வாங்குனது. எங்க கையிலதான் இருந்துச்சு. யாருக்குக் குடுக்கலாம், எங்க கொண்டு போகலாம்ங்கறது மட்டும் எங்க கையில இல்ல" என்பார்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் அப்படித் தொடங்கி, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரம் குடியிருந்த சீனர்கள் லட்சக்கணக்கில் புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியடைக்கப்பட்டன. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதே நோக்கம். கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில், டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத் தர வேண்டியிருந்தது. ஓட்டை போட்ட டின்னைக் காட்டுக்குள் சேமித்து வைக்க முடியாது.

பாட்டி சொன்ன அந்த வாக்கியத்தில் கணினிப் பாதுகாப்பின் ஒரு பெரிய கருத்து அடங்கியிருக்கிறது. ஒரு பொருளின் உடைமையாளர், யாருக்கு அனுமதி என்பதைத் தாமே முடிவு செய்தால் அது விருப்ப அணுகல் கட்டுப்பாடு. உடைமையாளரே விரும்பினாலும், மேலே எழுதி வைத்த விதி இடம் தராமல் எதுவும் கைமாறாது என்றால் அது கட்டாய அணுகல் கட்டுப்பாடு. இந்த இரண்டாவது ஏற்பாடு மனிதர்மேல் விழுந்தபோது பசியில் முடிந்தது. இன்று லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில் அதே ஏற்பாடு நிரல்களின்மேல் விழுகிறது. நம் கணக்குகளையும் கடிதங்களையும் காக்கிறது.

பெயருக்குப் பின்னால் ஒரு 'டி'

ஒரு சர்வர் கணினியில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. வலைப்பக்கத்தை எடுத்துக் கொடுப்பது, மின்னஞ்சலை வாங்கி வைப்பது, தொலைவிலிருந்து நுழைபவரின் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது எல்லாம் பின்னணியில் ஓயாமல் ஓடும் சேவை நிரல்களின் வேலை. அவற்றுக்கு டீமன் என்று பெயர். 1963-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ப்ராஜெக்ட் மேக் என்ற திட்டத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர் அது. இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1867-ல் ஒரு பூதத்தைக் கற்பனை செய்தார்: இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சிறு கதவருகே நின்று, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்பும் பூதம். அந்தப் பூதமே கணினிக்குள் குடிவந்தது. எச்டிடிபிடி, எஸ்எஸ்எச்டி, க்ரான்டி என்று பெயர்களின் கடைசியில் நிற்கும் 'டி' அதன் அடையாளம்.

நம் கதைகளிலும் பூதத்தை அடக்கி வேலை வாங்குபவன் உண்டு. சொன்னதை எல்லாம் செய்யும். கட்டு அவிழ்ந்தால் எசமானையே விழுங்க வரும். கணினிப் பூதத்தின் ஆபத்தும் அதுதான். அது உலகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முகம் தெரியாதவர்கள் அனுப்பும் சொற்களை வாங்கிப் படிக்கிறது. அதன் நிரலில் ஒரு சிறு பிழை இருந்தால், வந்தவர் தன் கட்டளையை அதன் வாயில் திணித்துவிடலாம். 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு இப்படித்தான் நுழைந்தது. மின்னஞ்சல் டீமனையும், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் டீமனையும் ஏமாற்றி, அந்நாளைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது.

துரையின் சாவிக்கொத்து

யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உடைமையாளர் உண்டு. படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற மூன்று அனுமதிகளை அவர் தமக்கும், தம் குழுவுக்கும், மற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறார். எளிமையான, அழகான முறை. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, ஒருவர் இயக்கும் நிரல் அவருடைய உரிமைகள் அனைத்தையும் தூக்கிக்கொண்டு நடக்கிறது. படம் பார்க்கத் திறந்த நிரலுக்கு என் கடிதங்களோடு எந்த வேலையும் இல்லை. ஆனாலும் நான் படிக்கக்கூடிய எதையும் அது படிக்கலாம்.

இரண்டாவது, ரூட். எல்லா அனுமதிகளுக்கும் மேலான பயனர். தோட்டத்தில் கிராணிக்கு அலுவலகச் சாவி, ஸ்டோர்காரருக்கு ஸ்டோர் சாவி. பெரிய துரையிடம் மட்டும் எல்லாச் சாவியும் இருக்கும். டீமன்கள் பல ரூட்டாகத்தான் பிறக்கின்றன. போர்ட் என்பது ஒரு சேவையின் கதவு எண். 1024-க்குக் கீழே உள்ள போர்ட் எண்ணைத் திறக்க லினக்ஸில் வழக்கமாக ரூட் அதிகாரம் தேவை. வலைச் சேவையின் 80-ஆம் எண் அதற்குள்தான் வருகிறது. கதவைத் திறந்ததும் அதிகாரத்தைக் கீழே வைத்துவிடுவது நல்ல டீமனுக்கு அழகு. ஆனால் வைக்காத டீமனும், வைக்குமுன் ஏமாந்த டீமனும், துரையின் சாவிக்கொத்தை அப்படியே அந்நியன் கையில் கொடுத்துவிடும்.

1975-லேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் தெளிவாக எழுதினார்கள்: ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமை மட்டுமே இருக்க வேண்டும். சொல்வது சுலபம். உடைமையாளரின் விருப்பத்தை மட்டும் நம்பிய முறையில் அதைச் செய்ய இடமில்லாமல் இருந்தது.

பதவியிலிருந்து வேலைக்கு

கட்டாயக் கட்டுப்பாட்டை முதலில் தேடியது ராணுவம். டேவிட் பெல், லியோனார்ட் லபடுலா இருவரும் 1973-ல் வகுத்த கணித மாதிரியில் ஆவணங்களுக்கு ரகசியப் படிகள் உண்டு. கீழ்ப்படியில் இருப்பவர் மேல்படி ஆவணத்தைப் படிக்க முடியாது; மேல்படியில் இருப்பவர் கீழ்ப்படியில் எழுதி ரகசியத்தைக் கசியவிடவும் முடியாது. ராணுவக் கோப்புகளுக்கு இது பொருந்தியது. வலைச் சேவைக்கும் அச்சுப்பொறிச் சேவைக்கும் நடுவில் எது உயர்ந்த பதவி? அந்தக் கேள்விக்கே பொருள் கிடையாது.

1985-ல் ஏர்ல் போபர்ட், ரிச்சர்ட் கெய்ன் இருவரும் கேள்வியை மாற்றினார்கள். நிரலின் பதவியைக் கேட்காமல், அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டார்கள். வேலைக்கு ஒரு வகை, பொருளுக்கு ஒரு வகை. எந்த வேலை எந்தப் பொருளைத் தொடலாம் என்று ஓர் அட்டவணை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை இந்தக் கருத்தை லினக்ஸுக்குள் கொண்டுவந்து, 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸ் என்ற பெயரில் மூல நிரலோடு வெளியிட்டது. ஒரே ஒரு பாதுகாப்பு முறையை லினக்ஸோடு பூட்டிவிட, அதை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் விரும்பவில்லை. பலரும் தங்கள் முறையைப் பொருத்திக்கொள்ளும்படி பொதுவான கொக்கிகள் லினக்ஸின் உட்கருவான கெர்னலில் வைக்கப்பட்டன. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் எஸ்இலினக்ஸ் லினக்ஸின் பகுதியாகவே ஆனது.

08 என்றால் பேராக்

எஸ்இலினக்ஸின் உயிர் சீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் போர்ட்டுக்கும் ஒரு சீட்டு. மலேசியர்களுக்கு இதை விளக்குவது எளிது, நம் சட்டைப்பையிலேயே ஒன்று இருக்கிறது. மைகாட் எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். அங்கே 08 என்று இருந்தால் பேராக். இந்த அட்டையின் தொடக்கமும் பாட்டி பார்த்த அதே 1948-தான். அவசரகாலத்தில்தான் பன்னிரண்டு வயதைக் கடந்த எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது.

எஸ்இலினக்ஸ் சீட்டில் நான்கு பகுதிகள்: பயனர், பங்கு, வகை, படி. டீமன்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் மூன்றாவதான வகைதான் பேசும். வலை டீமனின் வகை எச்டிடிபிடி_டி. வலைத்தளக் கோப்புகளுக்கு ஒரு வகை, கடவுச்சொல் கோப்புக்கு இன்னொரு வகை. வலை டீமன் வலைத்தளக் கோப்பைப் படிக்கலாம் என்று, கொள்கை எனப்படும் விதித் தொகுப்பில் ஒரு வரி இருக்கிறது. கடவுச்சொல் கோப்பைப் படிக்கலாம் என்று வரி இல்லை. எழுதாதது எல்லாம் மறுப்பு. டீமன் ரூட்டாக ஓடினாலும் அதே பதில்தான். முதலில் பழைய முறையின் அனுமதி பார்க்கப்படும். அது சரியென்ற பிறகே சீட்டு பார்க்கப்படும். இரண்டும் தலையசைத்தால்தான் கதவு திறக்கும். துரையின் சாவிக்கொத்தே கையில் இருந்தாலும், வலைச் சேவை என்ற சீட்டோடு வந்தவருக்கு ஸ்டோர் திறக்காது.

2015 மே மாதம் வெளிப்பட்ட வெனம் என்ற பிழை இதன் பயனைக் காட்டியது. ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎமு நிரலில், ஃபிளாப்பி வட்டை இயக்கும் பகுதியில் 2004 முதல் அந்த ஓட்டை இருந்தது. ஃபிளாப்பி வழக்கொழிந்த பிறகும் அதன் நிரல் அங்கேயே கிடந்தது. வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் கணினிக்குள்ளிருந்து தாண்டி வந்து, பக்கத்தில் இருப்பவரின் கணினியைத் தொட அது வழி தந்தது. எஸ்இலினக்ஸ் காவல் நின்ற இடங்களில் தாண்டி வந்தவருக்கும் பெரிதாகப் பயனில்லை. அங்கே ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் 1,024 பிரிவு எண்களிலிருந்து இரண்டைப் பொறுக்கித் தனிச் சீட்டு ஒட்டப்படுகிறது. இப்படி 523,776 வெவ்வேறு சோடிகள் கிடைக்கும். வேலி தாண்டினாலும் சீட்டு தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக் கோப்பு அவருக்குத் திறக்காது.

இந்தக் காவல் சர்வர்களோடு நிற்கவில்லை. 2013-ல் ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில் எஸ்இலினக்ஸ் வெறும் பார்வையாளராக வந்தது, 2014-ன் 5.0 பதிப்பிலிருந்து முழுக் காவலாளியாக நிற்கிறது. ஈப்போ பழைய நகரத்தில் காப்பிக்கடை மேசையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றிலும் அது இந்த நிமிடமும் சீட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

படங்கள் வராத இரவு

சில ஆண்டுகளுக்கு முன், மூடிப்போன எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து பழைய படங்களைத் திரட்டினோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தில் இப்போது தாமான். படங்கள் மட்டுமே மிச்சம்: பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் கொட்டகை முன் காண்டா சுமந்தவர்கள், முள்கம்பி வாசல் ஒன்று. அவற்றை ஒரு வலைத்தளத்தில் ஏற்ற ஈப்போவில் ஒரு சிறிய சர்வரை அமைத்தேன். என் சொந்த அடைவில் வைத்திருந்த படங்களை வலைத்தள அடைவுக்கு நகர்த்தினேன். உலாவியைத் திறந்தால் ஒரு படமும் வரவில்லை. 403, அனுமதி இல்லை.

கோப்பு அனுமதிகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். "அது எஸ்இலினக்ஸ் பிரச்சினைலா. செட்என்ஃபோர்ஸ் ஜீரோ அடிச்சு விட்டுரு, ஓடும்" என்றார். அடித்திருந்தால் ஓடியிருக்கும். ஒரு மூட்டைக்காக வாசலையே பெயர்த்தெறிந்ததாகவும் ஆகியிருக்கும். அந்தக் கட்டளைக்குப் பிறகு கணினியின் எல்லா டீமன்களும் கட்டவிழ்ந்துவிடும்.

கட்டளையை அடிக்காமல் தணிக்கைப் பதிவேட்டைத் திறந்தேன். காரணம் அங்கே எழுதியிருந்தது. கேட்டவர் வலை டீமன், கேட்டது படிக்க, கேட்ட கோப்பின் வகை, பயனரின் வீட்டுக் கோப்பு. படங்கள் வீடு மாறியும் பழைய சீட்டோடு நின்றிருந்தன. கோப்பைப் புதிதாக நகலெடுத்தால் போய்ச் சேரும் அடைவின் சீட்டு ஒட்டிக்கொள்ளும். நகர்த்தினால் பழைய சீட்டே கூட வரும். ரெஸ்டோர்கான் என்ற ஒரே கட்டளை, இடத்துக்குரிய சீட்டை ஒட்டியது. படங்கள் வந்தன. காவலும் அப்படியே நின்றது.

பட்டை எவ்வளவு, மரம் எவ்வளவு

ரப்பர் கன்றுகள் 1877-ல் கோலகங்சாருக்கு வந்தன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது. மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஹென்றி ரிட்லி 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் வளர்த்தெடுத்தார். அந்த முறையின் சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது. பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் ஓடுகின்றன. மேலோட்டமாகச் சீவினால் மங்கில் பால் சொட்டாது. ஆழம் கூடி உள்ளே வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் காயம் முடிச்சாகிவிடும். அந்த இடத்தில் மறுபடி நல்ல பட்டை வராது. நடுவே விட வேண்டிய கனம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்.

டீமனுக்குக் கொள்கை எழுதுவதும் இந்த உளி வேலைதான். இறுக்கம் கூடினால் சேவை நின்றுவிடும்; தளர்ந்தால் வேலி இருந்தும் பயனில்லை. ஆழத்தை அறிய முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். டீமன் எந்தக் கோப்புகளைப் படிக்கிறது, எதில் எழுதுகிறது, எந்தப் போர்ட்டில் கேட்கிறது, எந்த நிரலைத் துணைக்கு அழைக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். பிறகு அந்த ஒரு டீமனின் வகையை மட்டும் எச்சரிக்கை நிலையில் விடலாம். அந்த நிலையில் கொள்கை எதையும் தடுக்காது. தடுத்திருக்கக் கூடியவற்றை எழுதி வைக்கும். மற்ற டீமன்கள் முழுக் காவலிலேயே இருக்கும். ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் போதாது. பதிவேடுகள் சுழலும் நேரம், கணினி மறுதொடக்கம், மாதக் கடைசி அறிக்கை என்று அதன் வேலை ஒரு முழுச் சுற்று வர வேண்டும்.

பதிவான ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு கேள்வி உண்டு. சீட்டு தவறா? என் படங்களுக்கு நேர்ந்ததுபோல் அதைத் திருத்தினால் போதும். கொள்கையில் ஏற்கெனவே ஒரு சாளரம் இருக்கிறதா? வலை டீமன் தரவுத்தளத்தோடு பேச வேண்டுமென்றால், வலையமைப்பு முழுவதையும் திறக்கும் பொத்தானும் உண்டு; தரவுத்தளத்துக்கு மட்டும் திறக்கும் சிறிய பொத்தானும் உண்டு. சிறியதையே தொட வேண்டும். போர்ட் எண் மாறியிருந்தால் அந்த எண்ணுக்குச் சீட்டு ஒட்டலாம். இவை எதுவும் பொருந்தாதபோதுதான் புதிய விதி. மறுப்புகளைப் படித்துத் தானே விதி எழுதித் தரும் ஆடிட்2அலவ் என்ற கருவி இருக்கிறது. அது தருவதை வரைவாக மட்டுமே கொள்ள வேண்டும். வலை டீமன் கடவுச்சொல் கோப்பைக் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால், அந்தக் கருவி அதற்கும் அனுமதி எழுதித் தரும். கேட்டது டீமனின் வேலையா, டீமன் வாயில் அந்நியன் திணித்த கட்டளையா என்று அதற்குத் தெரியாது. அது மனிதர் தீர்மானிக்க வேண்டியது.

உபுண்டு, டெபியன் கணினிகளில் இதே வேலையை ஆப்ஆர்மர் செய்கிறது. இம்யூனிக்ஸ் நிறுவனத்தில் பிறந்து, 2010-ல் லினக்ஸ் 2.6.36 பதிப்போடு கெர்னலில் சேர்ந்தது. அது சீட்டுப் பார்ப்பதில்லை, முகவரி பார்க்கிறது: இந்த டீமன் இந்தப் பாதையில் உள்ள கோப்புகளைத் தொடலாம் என்று ஒவ்வொரு டீமனுக்கும் ஒரு குறிப்பேடு. படிக்கவும் எழுதவும் எளிது. தரவுத்தளத்தைப் பெரிய வட்டுக்கு மாற்றிவிட்டுக் குறிப்பேட்டில் முகவரியை மாற்ற மறந்தால், டீமன் எழ மறுக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு பாதைகள் இருந்தால் ஒன்றில் தடையும் மற்றொன்றில் வழியும் கிடைக்கலாம். சீட்டு முறையில் அந்தச் சிக்கல் இல்லை; சீட்டுகளைப் பராமரிக்கும் உழைப்பு உண்டு. புதிதாகக் கற்பவருக்கு என் அறிவுரை: உங்கள் லினக்ஸில் எது வருகிறதோ அதையே கற்றுக்கொள்ளுங்கள். அணைத்து வைக்காதீர்கள்.

இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. சீட்டானாலும் முகவரியானாலும் அதைப் பார்ப்பது கெர்னல். கெர்னலிலேயே பிழை இருந்தால் காவலாளியே விழுந்துவிட்டார் என்று பொருள். அதனால் புதுப்பிப்புகளைத் தவறாமல் நிறுவும் வேலையை எந்தக் கொள்கையும் நமக்கு மிச்சப்படுத்தித் தராது.

மறுப்பைப் படிப்பவர்

பாட்டியின் வாசலுக்கும் என் சர்வரின் வாசலுக்கும் ஏற்பாடு ஒன்றுதான் என்று தொடக்கத்தில் சொன்னேன். வேறுபாடு இரண்டு. டீமனுக்குப் பசி கிடையாது. மறுத்தால் அதற்கு வலிக்காது; அதன் உரிமையைச் சுருக்குவதால் மனிதர் யாருடைய உரிமையும் சுருங்குவதில்லை, நம்முடையது காக்கப்படுகிறது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த வாசலில் மறுக்கப்பட்டதை யாரும் எழுதி வைத்து, இந்த அரிசி எதற்கு, விதி தவறோ என்று திரும்பிக் கேட்கவில்லை. இந்த வாசலில் ஒவ்வொரு மறுப்பும் நாளோடும் நேரத்தோடும் பதிவாகிறது. யாராவது அதைப் படித்தால் விதி திருந்தும். படிக்க ஆளில்லாத கட்டாய விதி, கணினியிலும் கொடுமையாகத்தான் முடியும்: சேவை நிற்கும், எரிச்சல் வரும், கடைசியில் யாரோ வேலியையே பெயர்த்துவிடுவார்கள்.

இப்போதெல்லாம் காலையில் தணிக்கைப் பதிவேட்டைத் திறக்கும்போது, ஒவ்வொரு மறுப்பு வரியையும் மெதுவாகப் படிக்கிறேன். மடியில் ஒரு பிடி அரிசியோடு யாரோ வாசலில் நிற்பதாக எண்ணிக்கொண்டு.